ஊர் கூடிப் படித்த அகதிகள் கதை

ஓர் ஊரார் ஓரிடத்திற் கூடி ஒரே நூலைப் படிப்பதும் கேட்பதும் நமக்குப் புதிய வழக்கமன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் இருந்து கேட்ட மரபு நெடுங்காலத்தது. எழுத்தறிந்தாரும் அறியாதாரும் ஒரே கதையை ஒரே வேளையிற் கேட்டனர். வீடு திரும்பும் வழியிலும் அதனையே பேசிச் சென்றனர். ஆயினும் அங்கே படிக்கப்பட்டது யாவராலும் முன்னரே போற்றப்பட்ட நூல். ஊராருள் ஒரு பகுதியார் வெறுக்கின்ற நூலொன்றை, அதுவும் நிலமிழந்து வந்தேறிய ஏழைகளைப் பற்றிய நூலொன்றை, ஓர் ஊர் கூடிப் படிக்குமா? படித்தால் அதனால் விளையும் பயன் யாது?

இவ்வினாக்களுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள கேர்ண் மாவட்டத்தின் வரலாறு விடை தருகின்றது. 1939ஆம் ஆண்டிலே அகதிகளின் கதையைக் கூறும் நாவலொன்றைத் தன் நூலகங்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் விலக்கிய அம்மாவட்டம், 75 ஆண்டுகள் கழிந்தபின் அதே நாவலைப் பொதுநூலாகக் கொண்டு கூடிப் படித்தது. அவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட கதையே இப்பேச்சின் பொருளாகும்.

முதலில், ஊர் முழுவதும் ஒரு நூலைப் படிக்கும் இவ்வியக்கம் தோன்றிய வகையைச் சிறிது நோக்குவோம். 1998ஆம் ஆண்டில் சியாற்றில் நகரப் பொது நூலகத்தைச் சேர்ந்த நான்சி பேர்ள் என்னும் நூலகர், நகரத்தார் அனைவரும் ஒரே நூலைப் படித்தால் என்ன நிகழும் என்னும் கேள்வியையே பெயராகக் கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டிலே ரசல் பாங்ஸ் எழுதிய நாவலொன்று தெரிந்தெடுக்கப்பட்டது. பாடசாலைப் பேருந்தொன்று விபத்துக்குள்ளாகிச் சிறுவர் பலர் மாண்டபின் ஒரு சிற்றூர் படும் துயரம் அந்நாவலின் பொருள். நூலகம் படிகளை மிகுதியாக வாங்கி வைத்தது. படித்தோர் கூடி உரையாட இடமளித்தது. நூலாசிரியரையும் அழைத்து வந்தது. முறை இவ்வளவே. 2001ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சிக்காகோ நகரம் இம்முறையைப் பின்பற்றி, ஹார்ப்பர் லீ அம்மையாரின் புகழ்பெற்ற நாவலைப் படித்தபோது, நாட்டின் கவனம் இதன்மேற் சென்றது. பின்னர் நூற்றுக்கணக்கான ஊர்கள் இதனை மேற்கொண்டன.

எல்லா ஊர்களிலும் இது எளிதாக நடந்தேறிற்று என்று கொள்ளலாகாது. 2002ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரம் தனக்கென ஒரு நூலைத் தெரிவு செய்ய முற்பட்டது. கொரியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் வந்த சாங்-ரே லீ என்பவரின் நாவலை ஒரு சாரார் விரும்பினர்; ஜேம்ஸ் மக்பிரைட் தம் தாயைப் பற்றி எழுதிய நூலை மற்றொரு சாரார் விரும்பினர். இணக்கம் ஏற்படாமையால் முயற்சியே தளர்ந்தது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. எவருடைய கதையை ஊரின் கதையாக ஏற்பது என்னும் கேள்வி எழுகின்ற இடத்திலே, நூல் தெரிவதும் ஊர் வழக்காகிவிடுகின்றது.

அகதிகளின் அநுபவத்தைக் கூறும் நூல்களும் இத்திட்டங்களிலே இடம்பெறலாயின. சூடான் நாட்டு உள்நாட்டுப் போரினாற் சிறுவயதிலேயே ஊரை விட்டோடிய வலன்ரினோ அச்சாக் டெங் என்பாரின் வாழ்வை டேவ் எகர்ஸ் நாவலாக எழுதி 2006இல் வெளியிட்டார். அமெரிக்காவின் பல கல்லூரிகளும் ஊர்களும் அதனைக் கூடிப் படித்தன. சியாற்றில் நகரம் 2019ஆம் ஆண்டிலே தீ புயி அம்மையாரின் சித்திரக் கதை நூலைத் தெரிந்தது. வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி, 1978இல் அமெரிக்காவை அடைந்த தம் குடும்பத்தின் கதையை அவர் தாமே எழுதித் தாமே வரைந்த நூல் அது.

இவை யாவும் பாராட்டத்தக்கனவே. எனினும், தொலைநாட்டிலே நிகழ்ந்த கொடுமைக்குக் கண்ணீர் விடுவது ஒப்பளவில் எளிது. சூடானில் ஊரை எரித்தவன் படிப்பவனின் அயலானல்லன். வியட்நாமியரின் படகைத் தாக்கிய புயல் படிப்பவனின் தோட்டத்திலிருந்து எழுந்ததன்று. அகதி வந்து நின்ற வாயில் நம் வாயிலாகவும், அதனை அடைத்த கை நம் கையாகவும் இருக்கும்போதுதான் படிப்பு ஒரு சோதனையாகின்றது. கேர்ண் மாவட்டம் உட்பட்டது அச்சோதனைக்கே.

1930களின் தொடக்கத்தில் ஒக்லஹோமா, ரெக்சாஸ், ஆர்கன்சா, மிசூரி முதலிய மாநிலங்களிலே சிறு விவசாயிகளின் வாழ்வு முறிந்தது. பருத்தியின் விலை வீழ்ந்தது, மழை பொய்த்தது, புல்லை உழுது புரட்டிய சமவெளிகளிலே மண் காற்றோடு எழுந்து பறந்தது. 1935 ஏப்பிரில் 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பகலை இரவாக்கிய புழுதிப்புயலை அந்நாட்டவர் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே வழங்குவர். ஆயினும் புழுதி மட்டுமே மக்களை விரட்டிற்று என்பது முழு உண்மையன்று. பயிரிடும் பரப்பைக் குறைக்கும் நிலவுடைமையாளருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. அப்பணத்தைப் பெற்றவர் பலர் குத்தகைக்காரரை வெளியேற்றி, எஞ்சிய நிலத்தை உழவு இயந்திரம் கொண்டு உழுதனர். கலிபோர்னியாவுக்குச் சென்றோரிற் பெரும் பகுதியினர் புழுதிப்புயல் வீசிய மேற்குச் சமவெளியினரல்லர். கிழக்கே பருத்தி விளைந்த பகுதியினர். இயற்கையும் சந்தையும் சட்டமும் சேர்ந்து அவர்களைப் பெயர்த்தன.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அப்பத்தாண்டிலே கலிபோர்னியா சேர்ந்தனர். பழைய மோட்டார் வண்டிகளிலே மெத்தையும் சட்டி பானையும் கட்டிக்கொண்டு, 66ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே வந்து, தெகாச்சப்பி மலைக் கணவாயைக் கடந்து இறங்கியவர்களின் கண்ணுக்கு முதலில் தோன்றியது கேர்ண் மாவட்டத்துப் பசுஞ்சமவெளி. திராட்சையும் பருத்தியும் உருளைக்கிழங்கும் அங்கே விளைந்தன. 1930இல் ஏறக்குறைய 82,000 ஆக இருந்த அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 1940இல் 135,000 ஆயிற்று. பத்து ஆண்டுகளில் மூவரிருந்த இடத்தில் ஐவர்! பாடசாலைகளில் இடமில்லை, வைத்தியசாலைகளிற் கட்டிலில்லை, வேலைக்கு ஆள் மிகுந்தமையாற் கூலி குறைந்தது. வாய்க்கால் ஓரங்களிலே சாக்கும் தகரமும் கொண்டு கட்டிய குடிசைகள் பெருகின. அங்கே பிள்ளைகள் நோயுற்று மாண்டனர்.

இவர்கள் நாட்டின் எல்லையைத் தாண்டியவரல்லர். அந்நாட்டின் குடியுரிமை உடையவர். பெரும்பாலோர் கலிபோர்னியரைப் போன்றே வெள்ளையர். அவர்கள் பேசியதும் அதே ஆங்கிலம். அகதி என்னும் சொல்லுக்குப் பிற்காலச் சர்வதேசச் சட்டம் வகுத்த இலக்கணம் இவர்களுக்குப் பொருந்தாது. எனினும் அக்காலத்தார் இவர்களை அகதிகள் என்றே குறிப்பிட்டனர். இகழ்ச்சி தோன்ற ‘ஓக்கி’ என்றும் அழைத்தனர். ஒக்லஹோமாவிலிருந்து வந்தவரைக் குறித்த அச்சொல், எங்கிருந்து வந்த ஏழையையும் இழித்துரைக்கும் சொல்லாயிற்று. 1936ஆம் ஆண்டு பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிஸ் தலைவர், தம் நகரத்துக்கு நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள மாநில எல்லைகளிலே 136 பொலிசாரை நிறுத்தி, கையிற் காசில்லாது வந்தோரைத் திருப்பியனுப்பினார். ஒரு நாட்டின் குடிமகனை அந்நாட்டின் நெடுஞ்சாலையிலேயே மறித்து, நீ உள்ளே வரலாகாது என்று கூறிய காலம் அது.

இந்நிலையை நேரிற் கண்டு எழுதியவர் ஜோன் ஸ்ரைன்பெக். அவர் 1902இல் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலே பிறந்தவர். 1962இல் நோபல் பரிசு பெற்றவர். 1936ஆம் ஆண்டு ஒரு பத்திரிகைக்காகக் கட்டுரைகள் எழுத வேண்டி அவர் குடிசைகளையும் முகாம்களையும் சுற்றிப் பார்த்தார். கேர்ண் மாவட்டத்து ஆர்வின் என்னும் ஊரின் அருகே மத்திய அரசாங்கம் அமைத்த முகாமொன்று இருந்தது. ‘வீட்பச்’ முகாம் என அது வழங்கிற்று. அதன் முகாமையாளர் ரொம் கொலின்ஸ், முகாமில் வாழ்ந்தோரின் பேச்சு, பாட்டு, உணவு, சச்சரவு ஆகியவற்றையெல்லாம் வாரந்தோறும் அறிக்கையாக எழுதி வைத்திருந்தார். அவ்வறிக்கைகளும் அவருடன் சென்று கண்ட காட்சிகளும் ஸ்ரைன்பெக்கின் நாவலுக்கு உரமாயின. ‘சினத்தின் திராட்சைகள்’ என்று பொருள்படும் பெயரோடு அந்நாவல் 1939 ஏப்பிரில் 14ஆம் திகதி வெளிவந்தது. கறுப்பு ஞாயிறு நிகழ்ந்து சரியாக நான்கு ஆண்டுகள் கழிந்த நாள் அது. அவ்வாண்டில் அமெரிக்காவிலே மிகுதியாக விற்பனையான நாவல் அதுவே; மறு ஆண்டு புலிற்சர் பரிசும் அதற்குக் கிடைத்தது.

நாவலின் குடும்பம் ஒக்லஹோமாவிற் புறப்பட்டு வந்து தங்கிய நிலங்களுள் கேர்ண் மாவட்டமும் ஒன்று. ஆகவே உலகம் அதனை ஓர் அவலக் கதையாகப் படித்தபோது, அம்மாவட்டத்துத் தோட்ட முதலாளிகள் அதனைத் தம்மேற் சுமத்தப்பட்ட குற்றப்பத்திரிகையாகக் கொண்டனர். 1939 ஓகத்து 21ஆம் திகதி, மாவட்டத்தின் மேற்பார்வைச் சபை நான்கு வாக்குக்கு ஒரு வாக்காக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிற்று. நாவலிலே இழிந்த மொழி உளதென்றும், அது மாவட்டத்து மக்களைப் பொய்யாகப் பழிக்கின்றதென்றும் கூறி, பொது நூலகங்களிலும் பாடசாலைகளிலும் அதனை வழங்கலாகாதென்று விதித்தது. அந்நாவலைத் திரைப்படமாக எடுக்கும் முயற்சியையும் நிறுத்துமாறு படக் கம்பனியைக் கேட்டுக்கொண்டது.

சில நாட்களில் மற்றொரு காட்சி அரங்கேறிற்று. தோட்ட முதலாளிகளின் சங்கத்தைச் சேர்ந்த முக்கியமானவர் ஒருவர், பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரிலே புகைப்படக்காரரின் முன்னிலையில் அந்நாவலின் படியொன்றை எரிக்க ஏற்பாடு செய்தார். தீ மூட்டுவதற்கு அவர் நிறுத்தியவர் தம்மிடம் கூலிக்கு உழைத்த ஒரு தொழிலாளி. அவரும் வெளி மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவரே. அந்நூலை அவர் படித்ததில்லை. அதனைப் பற்றி வானொலியில் ஒலிபரப்பான பேச்சொன்றைக் கேட்டுச் சினங்கொண்டிருந்தார். நேயர்களே, வானொலியிற் பேசுகின்ற எவரும் இச்செய்தியைச் சற்று அச்சத்தோடு நினைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு நூலைப் பற்றிக் கேட்பது வேறு. அந்நூலைப் படிப்பது வேறு. முன்னையது பின்னையதற்கு ஈடென்று நம்பிய ஒருவர், தம்மைப் போன்றோரின் கதையைத் தம் கையாலேயே தீயிலிட்டார்.

இக்கதையிலே நாம் மறவாது போற்றத்தக்கவர் கிரெச்சன் நீஃப் என்னும் அம்மையார். அவர் அம்மாவட்டத்து நூலகத்தின் தலைமை நூலகர். எந்தச் சபை அவருக்குச் சம்பளம் வழங்கிற்றோ, அந்தச் சபைக்கே அவர் கடிதம் எழுதினார். இன்று இந்நூலை விலக்கினால் நாளை எந்நூல் விலக்கப்படும் என்று கேட்டார். நூலைத் தடுப்பதாற் கருத்து இறப்பதில்லையென்றும், தடை என்பது பயனற்ற செயலென்றும் எடுத்துரைத்தார். அதற்கு இரண்டு மாதங்களின் முன்னரே, 1939 யூன் மாதத்தில், அமெரிக்க நூலகச் சங்கம் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடி நூலகங்களின் உரிமைப் பட்டயமொன்றை ஏற்றிருந்தது. நூலாசிரியரின் இனமோ கொள்கையோ காரணமாக ஒரு நூல் விலக்கப்படலாகாது என்பது அதன் சாரம். ஆயினும் பெருநகரிலே நிறைவேறும் பட்டயம் ஒன்று; சிறு நகரொன்றிலே மேலதிகாரிகளின் முகத்துக்கெதிரே தனித்து நின்று அதனைக் கூறுதல் மற்றொன்று. சபை அவர் சொல்லை ஏற்கவில்லை. 1941 சனவரியிலேயே, ஏறக்குறைய பதினேழு மாதங்கள் கழிந்தபின், அத்தடை நீங்கிற்று.

தடையின் வரலாறு இவ்வளவு. அகதிகளின் வரலாறு அதனோடு முடியவில்லை. அம்மாவட்டத்தின் கல்வி மேலதிகாரியாக 1939இல் தெரிவான லியோ ஹார்ட் என்பவர், பிற பாடசாலைகளிலே இகழப்பட்ட முகாம்ப் பிள்ளைகளுக்கென வீட்பச் முகாமை அடுத்து ஒரு பாடசாலையை நிறுவினார். 1940இல் ஆசிரியரும் மாணவரும் தம் கைகளாலேயே கட்டடம் எழுப்பினர். 1941 நவம்பரிலே, தம் மனைவியின் வறிய சகோதரரை ரெக்சாசிலிருந்து மோட்டார் வண்டியில் ஏற்றி வந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட எட்வேர்ட்ஸ் என்பவரின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வறியவனை மாநிலத்துக்குள் அழைத்து வருதல் குற்றமென்ற கலிபோர்னியச் சட்டம் செல்லாதாயிற்று. யுத்தம் வந்தது, கப்பல் தளங்களும் தொழிற்சாலைகளும் கைகளை வேண்டின, குடிசைகள் வீடுகளாயின. வந்தேறிகளின் பிள்ளைகள் அம்மண்ணின் மக்களாயினர். பேக்கர்ஸ்ஃபீல்டை அடுத்த ஒயில்டேல் என்னுமிடத்திலே, புகையிரதப் பெட்டியொன்றை வீடாக மாற்றி வாழ்ந்த ஒக்லஹோமாக் குடும்பத்தில் 1937இற் பிறந்த மேர்ள் ஹகார்ட், அமெரிக்க நாட்டுப்புறப் பாடகருள் முதல்வரிசையிற் சேர்ந்தார். இழிசொல்லாயிருந்த ‘ஓக்கி’ பெருமையோடு கூறும் பெயராயிற்று.

ஆயினும் நாவலைப் பற்றிய மனக்கசப்பு எளிதிற் கரையவில்லை. அதற்குத் தோட்ட முதலாளிகள் மட்டுமே காரணரல்லர். வந்தேறியவர்களுள்ளும் பலர் அந்நாவலை விரும்பவில்லை. எங்களை அறிவிலிகளாகவும் அழுக்கராகவும் உலகம் எண்ணும்படி எழுதிவிட்டார் என்று அவர்கள் வருந்தினர். ஒக்லஹோமாவின் பிரதிநிதியொருவர் 1940 சனவரியிலே அமெரிக்கக் காங்கிரசில் அதனைக் கண்டித்துப் பேசினார். துயருற்றவனுக்குத் துயரம் மட்டும் சொந்தமன்று; அத்துயரம் எவ்வாறு சொல்லப்படல் வேண்டும் என்பதிலும் அவனுக்கு உரிமையுண்டு. அவ்வுரிமையை நாம் மதியாது, அவன் நன்றி கூறவில்லையே என்று குறைகூறல் முறையாகாது.

இவ்விடத்திலே சனோரா பாப் அம்மையாரின் கதையைச் சொல்லாது விடுதல் தகாது. அவர் 1907இல் ஒக்லஹோமாவிலே பிறந்தவர். வறண்ட சமவெளியிற் பயிரிட்ட குடும்பத்தவர். 1938இல் ரொம் கொலின்சுடன் முகாம்களிலே பணிபுரிந்து, அம்மக்களோடு பழகி, அவர்களின் வாழ்வை நாவலாக எழுதினார். நியூயோர்க்கின் புகழ்பெற்ற பதிப்பகமொன்று அதனை வெளியிட இசைந்தது. அதற்குள் ஸ்ரைன்பெக்கின் நாவல் வெளிவந்து நாடெங்கும் பரவிற்று. ஒரே பொருளைப் பற்றி இரண்டாவது நூலுக்குச் சந்தையில் இடமில்லையெனப் பதிப்பகம் பின்வாங்கிற்று. அந்நாவல் 2004ஆம் ஆண்டிலேதான் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்தின் பதிப்பாக அச்சேறிற்று. அடுத்த ஆண்டின் முடிவில் அம்மையார் காலமானார். வெளியிலிருந்து வந்து கண்டவரின் நூல் எரிக்கப்பட்டது, எனினும் படிக்கப்பட்டது. அம்மண்ணின் மகளின் நூலோ எரிக்கப்படவுமில்லை, படிக்கப்படவுமில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. தடையைக் காட்டிலும் சந்தையின் அலட்சியம் சில வேளைகளில் நீண்ட ஆயுளுடையது.

கேர்ண் மாவட்டம் தன் கதைக்குச் செவிசாய்த்தது படிப்படியாகவே. 1980இலும் 1981இலும் பேக்கர்ஸ்ஃபீல்டிலுள்ள அரசாங்கக் கல்லூரி, புழுதிக் காலத்திலே வந்து குடியேறி முதுமையெய்திய மக்களைத் தேடிச் சென்று, அவர்களின் வாய்மொழி வரலாற்றை ஒலிநாடாவிற் பதிவு செய்தது. ஒரு நாவலாசிரியர் அவர்களைப் பற்றிக் கூறியது போக, அவர்கள் தம்மைப் பற்றித் தாமே கூறலாயினர். வீட்பச் முகாமின் எஞ்சிய கட்டடங்கள் 1996இல் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்ந்தன.

2002ஆம் ஆண்டு ஸ்ரைன்பெக்கின் நூற்றாண்டு. அவ்வாண்டிலே கலிபோர்னியாவின் மானிடவியற் கல்விக் கழகம், மாநிலம் முழுவதும் அந்நாவலைக் கூடிப் படிக்கும் திட்டமொன்றை நடத்திற்று. நூலகங்கள் தோறும் வாசகர் கூடினர். அத்திட்டத்தின் தனிச்சிறப்பு யாதெனில், நூலைப் பேசுவதோடு நில்லாது, நீங்கள் இம்மாநிலத்துக்கு எவ்வாறு வந்தீர்கள் என்னும் கேள்வியையும் அது மக்களின் முன் வைத்தது. ஒக்லஹோமாவிலிருந்து வந்தோரின் பேரர் வாழும் அதே பள்ளத்தாக்கிலே அப்போது திராட்சை பறித்தவர்கள் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்கள். லாவோஸ் நாட்டு மலைகளிலிருந்து யுத்தத்தால் விரட்டப்பட்ட மொங் இனத்தவரும் அப்பள்ளத்தாக்கின் நகரங்களிற் குடியேறியிருந்தனர். முன்னர் வாயிலில் நின்றவரின் சந்ததியார் இப்போது வீட்டுக்காரராயிருந்தனர். 1939இன் கதை பழங்கதையன்று என்பதை அக்கேள்வி உணர்த்திற்று. 2014ஆம் ஆண்டு நாவலின் 75ஆம் ஆண்டு நிறைவின்போது, பேக்கர்ஸ்ஃபீல்டும் கேர்ண் மாவட்டமும் ஒரே நூலைப் படிக்கும் தம் திட்டத்துக்கு அதனையே தெரிந்துகொண்டன. நூல் எரிந்த நகரமே நூலைப் படித்தது.

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறி முடித்தல் பொருந்தாது. எழுபத்தைந்து ஆண்டு என்பது ஒரு மனிதனின் முழு ஆயுள். வாய்க்கால் ஓரத்துக் குடிசையிலே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு 2014ஆம் ஆண்டின் படிப்பினால் யாது பயன்? அவள் அதனைக் காண இருந்தவளல்லள். ஊர் கூடிப் படிப்பது நீதி வழங்குதலாகாது, கூலியை உயர்த்துவதுமன்று. அவற்றுக்குச் சட்டமும் சங்கமும் வேண்டும். படிப்பினால் இயல்வது ஒன்றே. அடுத்து வருபவனைக் காணும் கண்ணை அது மாற்றலாம். வாயிலில் நிற்பவனைத் தொகையாகக் காணாது, பெயருள்ள ஒருவனாகக் காணும் பழக்கத்தை ஓர் ஊருக்கு அது உண்டாக்கலாம். உண்டாக்கும் என்று உறுதி கூறவும் இயலாது. ஆயினும் அப்பழக்கமின்றி எந்தச் சட்டமும் நிலைத்ததில்லை.

அதற்கும் சில நியதிகள் உண்டு என்பதை இவ்வரலாற்றினின்றும் அறிகின்றோம். ஊரார் படிக்கும் நூல் தம் வாயிலைப் பற்றியதாகவும் இருத்தல் வேண்டும். பிறர் ஊரின் பாவத்தை மட்டும் படிப்போர் தம் ஊரைப் பற்றிப் பெருமை கொள்வதோடு நின்றுவிடுவர். படிக்கும் அவையிலே, கதைக்குரியவரும் வீற்றிருந்து, இஃது இவ்வாறன்று எனத் திருத்தும் உரிமை பெறல் வேண்டும். நூலை வெறுப்பவனுக்கும் அங்கே இருக்கை வேண்டும். ஏனெனில் அவன் படியாமலே வெறுப்பதிலும் படித்து வெறுப்பது நன்று. படித்தவனோடு வாதாடலாம், படியாதவனோடு வாதாட இயலாது.

ஐக்கிய நாடுகளின் அகதிகள் தாபனத்தின் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டின் முடிவிலே உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்திருந்தோர் 120 மில்லியனுக்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தம் நாட்டின் எல்லையைத் தாண்டாதவர்; ஒக்லஹோமா விவசாயியைப் போலத் தம் நாட்டிலேயே அந்நியரானவர். இடப்பெயர்வு என்னும் சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறிய வேண்டாதவர் இந்நாட்டிலே பலர் உளர். அவர்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டுவதன்று.

கிரெச்சன் நீஃப் அம்மையார் தம் கடிதத்தை எழுதியபோது, அதனால் உடனே விளைந்த பயன் எதுவுமில்லை. சபை மாறவில்லை; நூல் தட்டிற்குத் திரும்பப் பதினேழு மாதங்கள் ஆயின. ஆயினும், அந்நூல் என்றேனும் அத்தட்டிலே இருத்தல் வேண்டும் என்று ஒருவர் அன்றே எழுத்தில் வைத்திருந்தார். ஊர் படிக்க ஆயத்தமாகும் நாள் எந்நாள் என்பதை எந்த நூலகரும் அறியார். அந்நாள் வரும்போது நூல் தட்டில் இருக்கச் செய்வதே அவருடைய கடமை. அதனை எடுத்துப் படிப்பது நம்முடைய கடமை.